பின்னால் உட்காருகிறவரைக் கேட்டீர்களா?

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் 11 வருஷமாக ஒரு பெரியவர் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். வைக்கோல் தூசியும் கோழி எச்சமும் மேலே விழும். ஒரு வார்த்தை பேசமாட்டார். பக்கத்தில் கட்டியிருந்த பசு மூன்று கன்று போட்டுவிட்டது. இவர் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. யார் அந்தப் பெரியவர் என்கிறீர்களா? என் தகப்பனார் 1978-ஆம் வருஷம் வாங்கிய 350 ஸி.ஸி. புல்லட் மோட்டார் சைக்கிள்தான்!

எங்கள் ஊர் புளியஞ்சோலை. திருச்சியிலிருந்து துறையூர் வழியாக வந்தால் சுமார் 70 கிலோமீட்டர். கொல்லிமலையின் அடிவாரம். மலைமேல் ஆகாய கங்கை அருவியாகக் குதிக்கிற ஐயாறு, பாறைக்குப் பாறை தாவி இறங்கி எங்கள் ஊருக்குத்தான் முதலில் வந்து சேருகிறது. விடுமுறை நாட்களில் குளிக்க வருகிற கூட்டம் சொல்லி முடியாது. ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதோ, ஆற்றில் வெள்ளம். ஊரில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். மழை விட்டால் மார்கழிப் பனி. பொழுது சாய்ந்தபின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

பனிக்கட்டி பெய்கிற சீமைகளில் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் குளிர்காலத்தில் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, அக்கக்காகப் பிரித்து, வசந்தம் வருவதற்குள் புது வேஷம் கட்டி வெளியே கொண்டுவருவார்களாம். கல்லூரியில் படிக்கும் என் மகன் இதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், "அப்பா, தாத்தா வண்டியை நாமும் அப்படிச் செய்தால் என்ன?" என்று ஆரம்பித்தான். நான் பள்ளிக்கூட வாத்தியார். பையன் ஒன்றைக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் மறுக்க எனக்கு வாய் வராது. சரி என்று சொல்லி வைத்தேன்.

ஒரே ஒரு பிஸ்டன்

பழைய புல்லட்டை வீட்டில் வைத்துப் பிரிக்கத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு ஒரே ஒரு சிலிண்டர். ஒரு பிஸ்டன், இரண்டு வால்வு, ஒரு கார்புரேட்டர், ஒரு பிளக். சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 ஸி.ஸி. வருகிறது. அதைத்தான் 350 என்கிறோம். நிதானமாக வேலை செய்கிறவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

இந்த வண்டிக்கும் நம் சீமைக்கும் உள்ள பந்தமும் சாமானியமல்ல. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1932-இல் 'புல்லட்' என்ற பெயரை முதலில் சூட்டியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஏற்பட்டு, சென்னைத் திருவொற்றியூரில் வண்டி தயாராகத் தொடங்கியது. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். திருவொற்றியூரிலோ உலை அணையவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று! பிறந்த வீட்டுக்குப் பெண் சீர் கொண்டு போன கதைதான்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம்

மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டுக் கொண்டுவந்து காட்டினான். முன் மட்கார்டு இல்லை. பின் மட்கார்டு பாதிக்கு மேல் வெட்டு. இரட்டைச் சீட்டுக்குப் பதிலாக ஒற்றைத் தோல் சீட்டு. கைப்பிடி ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி உயர்ந்து நிற்கிறது. பின் டயர் டிராக்டரிடம் கடன் வாங்கியதுபோல் அகலம். சைலன்சரோ ஒரு முழ நீளக் குழாய்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது; பொய் சொல்வானேன்?

இந்த ஆசை நேற்று முளைத்ததல்ல. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், கனமான வண்டிகளின் மட்கார்டை வெட்டி எடை குறைத்து வேகம் கூட்டினார்கள். 1950-களிலும் 60-களிலும் லண்டன் வாலிபர்கள் காப்பிக் கடைக்குக் காப்பிக் கடை பந்தயம் விடுவதற்காகக் கைப்பிடியைத் தாழ்த்திச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள். வாலிபர்கள் வீட்டில் செய்ததைப் பார்த்த ரெட்டிச் கம்பெனி, 1960-களின் நடுவில் 'கான்டினென்டல் ஜி.டி.' என்ற 250 ஸி.ஸி. வண்டியை அதே தோரணையில் தானே தயாரித்து விற்றது. அதுவும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிதான்.

அவர்கள் வெட்டியதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது: வேகம். நமக்கு என்ன காரணம்? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. காப்பி கொண்டுவந்த என் மனைவி படத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, இதிலே நான் எங்கே உட்காருவது?"

அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படத்தில் அவளுக்கு இடமே இல்லை!

"மாமா இருந்தவரைக்கும் அத்தையைப் பின்னாலே வைத்துக்கொண்டு துறையூர் சந்தைக்குப் போவார். கல்யாணமான புதுசிலே நாமும் இதிலேதானே போனோம்? அந்தச் சேலைக் கம்பியைக் கூடக் கழற்றிவிட்டாயே ராசா" என்று மகனைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சேலைக் கம்பியும் சட்டமும்

பின்சக்கரத்தின் இடது பக்கம் ஒரு கம்பி வலை இருக்கிறதே, அதை வாலிபர்கள் முதல் காரியமாகக் கழற்றி எறிகிறார்கள், அழகைக் கெடுக்கிறதாம். அது எதற்கு இருக்கிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் மாட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் ஆளையே இழுத்துத் தள்ளிவிடும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி இதற்காகவே ஏற்பட்டது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் மோட்டார் சைக்கிளில் இருந்தே தீரவேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் சட்டம் திருத்தப்பட்டு, அப்படி மாற்றுகிற சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று ஆயிற்று. சட்டத்தை (frame) அறுத்து ஒட்டுவது, வேறு இன்ஜின் பொருத்துவது, சைலன்சரைப் பிடுங்குவது எல்லாம் விளையாட்டுக் காரியமல்ல. நிறத்தை மாற்றினாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்து, இன்ஷூரன்ஸும் கட்டினால்தான் தெருவுக்கே கொண்டுவரலாம்.

அன்று ராத்திரி மகன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி மூன்று பத்தி போட்டான். முதலாவது, பழுது பார்க்க வேண்டியவை. இரண்டாவது, திரும்பப் பழையபடி மாட்ட முடிகிற மாற்றங்கள். மூன்றாவது, கை வைக்கக் கூடாதவை. வெட்டினால் ஒட்டாது என்கிற சாமான் எல்லாம் மூன்றாம் பத்திக்குப் போயிற்று.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

நீங்களும் இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், எங்கள் அனுபவத்தைக் கேளுங்கள்.

கழற்றும் முன்பு ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய நட்டு போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். எங்கள் வீட்டு இட்லித் தட்டு ஒன்று இதற்காகத் தியாகம் செய்யப்பட்டது. குழிக்குக் குழி தனித்தனியாக வைத்து, எந்த இடத்துச் சாமான் என்று சீட்டு எழுதி வைத்தோம்.

எல்லாரும் இன்ஜினில் ஆரம்பிப்பார்கள். நாங்கள் பிரேக்கில் ஆரம்பித்தோம். ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. ஓடி நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். பழைய டிரம் பிரேக்கைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் கருப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் விரட்டாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். நெஞ்சுக்குள் போனால் பொல்லாதது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிரேக் ஷூ, கேபிள், டயர், டியூப், சக்கரத்து பேரிங் எல்லாம் எங்கள் வண்டிக்குப் புதிதாகவே போட்டோம்.

பிறகு பெட்ரோல் டேங்க். 11 வருஷத்துத் துரு உள்ளே ஓட்டு வில்லை மாதிரி உதிர்ந்தது. கைப்பிடி அளவு நட்டுகளைப் போட்டு, வினிகர் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்துக் குலுக்கினோம். அப்புறம் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்தோம். பெட்ரோல் வேலையை அடுப்படிக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஜினுக்கு மட்டும் துறையூரிலிருந்து ஒரு மெக்கானிக் பெரியவரை அழைத்துவந்தோம். அவர் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்: டாப்பெட் சரிபார்க்கும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். தள்ளுகோலை இரண்டு விரலால் திருப்பினால் தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. "இதற்கு மீட்டரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம் வாத்தியாரே, விரல் போதும்" என்றார்.

குட்டைச் சைலன்சரைப் பற்றியும் அவரிடமே கேட்டான் மகன். "தம்பி, புகை போகிற வழியைத் திறந்துவிட்டால் உள்ளே காற்றுக் கணக்கு மாறிப்போகும். பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறி வால்வு கருகும். சத்தம் பெரிசாகிறதென்று இழுவை பெரிசாகுமா?" என்றார். பழைய நீளச் சைலன்சரையே தேய்த்துப் பாலிஷ் போட்டோம்.

கொம்புக் கைப்பிடி காட்டிய வேலை

உயரக் கைப்பிடியை மட்டும் மகனால் விட முடியவில்லை. பழசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டலாம் என்று இரண்டாம் பத்தியில் அதைச் சேர்த்திருந்தான். கார்த்திகை மாசக் கடைசியில் கடையிலிருந்து ஒன்று வாங்கிவந்து அவனே மாட்டினான். அன்றுதான் முதன்முதலாக இன்ஜினும் உயிர் பெற்றது.

பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு. டிகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்து உள்ளே அழுத்தத்தை விடுவித்து, கிக்கரை மெதுவாக மிதித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் இன்னும் ஒரு நூல் நகர்த்தி, நெம்புகோலை விட்டுவிட்டு ஒரே உதை! நாலாவது உதையில், 11 வருஷ மௌனம் கலைந்து, 'டுப்... டுப்... டுப்' என்று பெரியவர் பேச ஆரம்பித்தார். பசுமாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. என் மனைவி வாசல்படியில் வந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரு ரவுண்டு போய்வரட்டுமா?" என்று மகன் பறந்தான். மெக்கானிக் பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தியபடியே, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கைப்பிடியை மட்டும் ஒரு பக்கம் முழுக்க ஒடித்தார்.

இன்ஜின் தானாக 'உர்ர்ர்' என்று சீறியது! நேராக்கினார்; அடங்கியது. மறுபடி ஒடித்தார், மறுபடி சீறியது.

விஷயம் புரிகிறதல்லவா? கைப்பிடி உயர்ந்துவிட்டது, ஆக்ஸிலேட்டர் கேபிள் பழைய நீளமே. திருப்பும்போது கேபிள் விறைத்துக்கொண்டு தானே பெட்ரோலைத் திறந்துவிடுகிறது. நேர்ரோட்டில் இது தெரியவே தெரியாது. கைப்பிடியை முழுக்க ஒடிக்க வேண்டிய இடம் எது? கொண்டை ஊசி வளைவு! வேகத்தைக் குறைக்க வேண்டிய அந்த நிமிஷத்தில் வண்டி பாய்ந்திருக்கும்.

மகன் முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் பொங்கல் கழிந்து நாங்கள் போவதாக இருந்த இடமே கொல்லிமலைதான்.

ஆகையால் நேயர்களே, உங்கள் வீட்டில் யாராவது வண்டிக்குக் கைப்பிடி மாற்றியிருந்தால் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு இதைச் செய்துவிடுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் நியூட்ரலில் இருக்கக் கிளப்பி, கைப்பிடியை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். சத்தம் ஒரு சிட்டிகை மாறினாலும் கேபிள் போதவில்லை என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது.

அன்று மாலையே மகன் தாத்தாவின் கைப்பிடியைத் திரும்ப மாட்டினான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

பனியும் பெயிண்டும்

மார்கழி பிறந்தது. விடிகாலையில் பெயிண்ட் அடிக்கலாம் என்று உட்கார்ந்தோம். அடித்த கருப்பு, காய்ந்தபோது சாம்பல் பூத்துவிட்டது! காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தின்னர் கலந்த பெயிண்ட் அடித்தால் இப்படித்தான். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து பனி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மறுபடி வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில் அடித்தோம். நிறம் பழைய கருப்பேதான். டேங்கின் மேல் இரண்டு பொன்னிறக் கோடு. திருவொற்றியூரில் அந்தக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுப்பது வழக்கம். என் மகன் பழைய தகரத்தில் ஒரு வாரம் பழகியபின் இழுத்தான். ஒரு பக்கம் சற்று நெளிந்திருக்கிறது. அழிக்கவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அப்படியானால் மாற்றம் ஒன்றுமே இல்லையா என்கிறீர்களா? உண்டு. அம்மாவைச் சீட்டில் உட்காரவைத்து அளவெடுத்தான். ஸ்பாஞ்சைச் சீவிப் பின்பக்க உயரத்தைக் குறைத்து, புதுத் தோலுறை தைக்க வைத்தான். கால் எட்டும் உயரத்தில் அகலமான லேடீஸ் ஃபுட்ரெஸ்ட். பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி. சாமான் வைக்க வலது பக்கம் ஒரு கித்தான் பை. எல்லாம் போல்ட்டில் நிற்பவை. அரை மணியில் கழற்றிவிடலாம். சேலைக் கம்பியும் நிக்கல் மின்ன இடத்துக்கு வந்தது.

70 வளைவுகள்

இன்னொரு சங்கதியையும் சொல்லவேண்டும். பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இப்போதைய வண்டிகளில் நேர்மாறு. புது வண்டி பழகியவன் அவசரத்தில் வலது காலை மிதித்தால் பிரேக் விழாது. மேல் கியர் விழும்! இதனால் மகனை 15 நாள் நெல் அடிக்கும் களத்திலேயே சுற்றவிட்டேன். பள்ளிக்கூடப் பாடத்துக்குக்கூட அவ்வளவு கண்டிப்பு நான் காட்டியதில்லை.

புளியஞ்சோலையிலிருந்து நடந்து போகிறவர்களுக்குக் காட்டு வழியாக ஆகாய கங்கைக்கு ஏறப் பாதை உண்டு. மோட்டார் சைக்கிளுக்கோ மலையைச் சுற்றி நாமக்கல் பக்கம் காரவள்ளிக்குப் போய்த்தான் ஏறவேண்டும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்!

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் புல்லட்டில் கிளம்பினோம். மகன் பின்னாலேயே நண்பனின் வண்டியில் வந்தான். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். மலைப்பாதையில் ஒருசாய்ந்து உட்காருவது ஆபத்து என்பதால், அவள் சுடிதார் அணிந்து இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். அறப்பளீஸ்வரரைத் தரிசித்து, மிளகும் வாழைப்பழமும் வாங்கிக் கித்தான் பையில் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

ஏறுவது பெரிதல்ல, இறங்குவதில்தான் வண்டியின் யோக்கியதை தெரியும். பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங்கின் பிடி தளர்ந்துவிடும். இரண்டாம் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் அந்த ஒற்றைப் பிஸ்டனே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் தொட்டுக்கொள்ள மட்டும்தான். ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியை ஒடிக்கும்போது என் காது இன்ஜினிடமே இருந்தது. அது குரலை மாற்றவில்லை.

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தினோம். நாலைந்து வாலிபர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "எந்த வருஷம் சார்? பெயிண்ட் எங்கே அடிச்சீங்க?" என்று விசாரித்தார்கள். மகன் மார்பை நிமிர்த்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

என் மனைவி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் சரி. அந்தப் பிடிக்கிற கம்பி இன்னும் இரண்டு விரல்கடை முன்னாலே வந்தால் தேவலை."

மகன் உடனே பையிலிருந்து நோட்டை எடுத்தான். இரண்டாம் பத்தியில் எழுதிக்கொண்டான். அடுத்த ஐப்பசிக்கு எங்களுக்கு வேலை வந்துவிட்டது!